வானத்தைக் கேளுங்கள்: இரண்டாவது நிலாவும் நாட்றம்பள்ளிக் குழியும்

(வாசகர் கேள்விகளுக்குக் காட்பாடியிலிருந்து ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியை பதில் சொல்கிறார்)

பூமிக்கு இரண்டாவது நிலா கிடைத்திருக்கிறது, 2083 வரை நம்மோடு இருக்கும் என்று வாட்ஸ்அப்பில் படித்தேன். மொட்டை மாடியில் நின்று தேடிப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. இது உண்மையா, புரளியா? (ஆரணி வாசகர்)

கல் உண்மை. அதை நிலா என்று சொல்வதுதான் சரியில்லை. நீங்கள் படித்தது 2025 பிஎன்7 (PN7) என்ற சிறுகோளைப் பற்றி. ஹவாய்த் தீவுக்கூட்டத்தில், மௌயி தீவின் ஹாலியகாலா மலை உச்சியில் இருக்கும் பான்-ஸ்டார்ஸ் தொலைநோக்கி 2025 ஆகஸ்டில் அதைக் கண்டுபிடித்தது. அகலம் சுமார் 19 மீட்டர் இருக்கலாம். கண்டுபிடித்த பிறகு பழைய படங்களைப் புரட்டினார்கள். 2014-லேயே அது படத்தில் விழுந்திருந்தது, யாரும் கவனிக்கவில்லை. நம்மை மிக நெருங்கும்போதும் சுமார் 40 லட்சம் கிலோமீட்டர் தள்ளியே நிற்கும். நிலா இருக்கும் தூரத்தைப் போல் பத்து மடங்கு. அந்தத் தூரத்தில் 19 மீட்டர் கல்லை மொட்டை மாடியிலிருந்து பார்க்க முடியாது ஐயா. நல்ல பைனாகுலர் இருந்தாலும் முடியாது.

அது சூரியனைத்தான் சுற்றுகிறது. பூமியைச் சுற்றவில்லை. இன்றைக்கே பூமியை எடுத்துவிட்டாலும் அந்தக் கல் தன்பாட்டுக்கு சூரியனைச் சுற்றிக்கொண்டே போகும். நிலா அப்படியில்லை, அதைப் பிடித்து வைத்திருப்பது நம் பூமியின் ஈர்ப்பு. அப்படியானால் ஏன் "நம்மோடு இருக்கிறது" என்கிறார்கள்? இதை வார்த்தையில் சொல்வதைவிடத் தாளில் போட்டுப் பார்த்தால் சட்டென்று விளங்கும். ஒரு காம்பஸ் எடுத்துக்கொள்ளுங்கள்.

இதே வகையில் நமக்கு இன்னும் நன்றாகத் தெரிந்த ஒரு கல் உண்டு. அதன் பெயர் கமோ ஒஆலேவா. 2016-ல் அதே பான்-ஸ்டார்ஸ் கண்டுபிடித்தது. சூரியனைச் சுற்றிவர அதற்கு ஆகும் காலம் ஏறக்குறைய 366 நாள். அதையே வரைவோம். தாளின் நடுவில் ஒரு புள்ளி, அது சூரியன். அதைச் சுற்றி 10 சென்டிமீட்டர் ஆரத்தில் ஒரு வட்டம், அது பூமியின் பாதை. இப்போது காம்பஸ் முள்ளை 1 சென்டிமீட்டர் நகர்த்தி வைத்து அதே ஆரத்தில் இன்னொரு வட்டம் போடுங்கள். அதுதான் கல்லின் பாதை. அசல் பாதை நீள்வட்டம், ஆனால் தாளில் இந்த அளவுக்கு வித்தியாசம் தெரியாது.

ஜனவரியில் இரண்டும் சூரியனுக்கு ஒரே திசையில் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கல் சூரியனுக்கு நெருக்கமாக 9 சென்டிமீட்டரில் இருக்கிறது, பூமி 10-ல். சூரியனை நெருங்கும் கோள் வேகமாக ஓடும் என்பது கெப்ளர் 1609-ல் வெளியிட்ட விதி. ஆகவே ஏப்ரலில் பூமி 90 டிகிரி நகர்ந்திருக்கும்போது கல் ஏறத்தாழ 101 டிகிரி போயிருக்கும். நம்மை முந்திவிட்டது. அங்கிருந்து அது சூரியனைவிட்டு விலக விலக வேகம் குறைகிறது. ஜூலையில் இரண்டும் 180 டிகிரியில் சேர்ந்துகொள்ளும், ஆனால் கல் இப்போது வெளியே, 11 சென்டிமீட்டரில். அக்டோபரில் பூமி 270 டிகிரி, கல் 259. இப்போது நாம் அதை முந்திவிட்டோம். ஜனவரிக்கு மறுபடியும் பழைய இடம்.

இப்போது பூமியில் உட்கார்ந்திருப்பவர் கண்ணால் பாருங்கள். ஜனவரியில் கல் உள்பக்கம், ஏப்ரலில் முன்னால், ஜூலையில் வெளிப்பக்கம், அக்டோபரில் பின்னால். ஒரு வருஷத்தில் நம்மைச் சுற்றி வந்தது போலவே இருக்கிறதா? இருக்கும். அந்தத் தோற்றத்துக்குத்தான் இரண்டாவது நிலா என்ற பட்டம். தாளில் 1 சென்டிமீட்டர் என்பது வானத்தில் 1.5 கோடி கிலோமீட்டர். நாசா சொல்லும் கணக்கும் அதை ஒட்டித்தான் வருகிறது: கமோ ஒஆலேவா நம்மிடமிருந்து நிலாத் தூரத்தின் 38 மடங்குக்கும் 100 மடங்குக்கும் இடையில் ஊசலாடுகிறது.

2025 பிஎன்7 கதையும் இதேதான். ஆனால் அதன் சுற்றுக்காலமும் நம் ஒரு வருஷமும் அச்சாகப் பொருந்தாது. அந்த மிகச் சிறிய வித்தியாசம் வருஷா வருஷம் சேரும், பூமியின் ஈர்ப்பும் மெல்ல இழுத்துவிடும். 1960-களில் இந்தச் சேர்க்கை தொடங்கியது, 2083 வாக்கில் கலையும் என்பது கணக்கு. கலைந்தால் ஆபத்து ஒன்றுமில்லை. சூரியனைச் சுற்றும் தன் பாதையிலேயே நம்மைவிட்டு மெல்ல விலகிப் போகும்.

கமோ ஒஆலேவாவின் ஒளியைப் பிரித்துப் பார்த்தவர்கள், அது நிலாவின் பாறையைப் போலிருக்கிறது என்கிறார்கள். நிலாவில் ஏதோ மோதித் தெறித்த துண்டாக இருக்கலாம். அதை நேரிலேயே பார்த்துவிட சீனா 2025 மே மாதக் கடைசியில் தியான்வென்-2 விண்கலத்தை அனுப்பியிருக்கிறது. மண்ணைக் கொண்டுவருவதும் அந்தப் பயணத்தின் திட்டம். எனக்கு இதில் தனி ஆவல்.

ஏன் இவற்றுக்கு எழுத்தும் எண்ணுமாகப் பெயர் வைக்கிறார்கள்? (வாணியம்பாடி, கல்லூரி மாணவி)

அது பெயர் இல்லை அம்மா, கண்டுபிடித்த தேதியும் வரிசையும். 2025 என்பது வருஷம். அடுத்த ஆங்கில எழுத்து, மாதத்தின் எந்தப் பாதி என்பதைக் காட்டும்: 'பி' (P) என்றால் ஆகஸ்ட் முதல் பாதி. 'ஐ' என்ற எழுத்தை விட்டுவிடுவார்கள், அதனால் ஒரு சுற்றுக்கு 25 எழுத்து. 'என்' அதில் 13-வது. பின்னால் வரும் 7, அந்த 25 எழுத்தும் ஏழு சுற்று முடிந்துவிட்டதைக் காட்டும். 7 × 25 + 13 = 188. அந்தப் பதினைந்து நாளில் பதிவான 188-வது கல் அது. பாதை நன்றாக உறுதியான பிறகே நிரந்தர எண்ணும், விரும்பினால் பெயரும் கிடைக்கும்.

2025 பிப்ரவரியில் ஒரு விண்கல் 2032-ல் மோதும் என்றார்கள். முதலில் 1 சதவீதம், அப்புறம் 3 சதவீதம், அப்புறம் திடீரென்று ஒன்றுமில்லை. ஜனங்கள் பயப்படுவார்கள் என்று மறைத்துவிட்டார்களா? (சத்துவாச்சாரி வாசகி)

மறைக்கவில்லை. இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நிதானமாகப் பதில் சொல்ல ஆசைப்படுகிறேன். அந்த மாதம் என் பழைய மாணவர்கள் எத்தனையோ பேர் போன் செய்தார்கள். குழந்தை பிறந்த வீட்டிலிருந்துகூட ஒரு பெண் அழுதுகொண்டே பேசினாள். சாத்தியப் பாதை என்று வெளியிட்ட வரைபடக் கோடு பசிபிக்கில் தொடங்கி ஆப்பிரிக்கா, அரபிக் கடல் வழியாகத் தெற்காசியா வரை வந்ததுதான் காரணம்.

அந்தக் கல்லின் குறியீடு 2024 ஒய்ஆர்4. சுமார் 60 மீட்டர் அகலம். 2024 டிசம்பர் 25-ல் நம்மைக் கடந்தது. சிலியில் உள்ள அட்லஸ் தொலைநோக்கி அதைக் கண்டது டிசம்பர் 27-ல், அதாவது போன பிறகு. சூரியனைச் சுற்ற அதற்கு ஏறக்குறைய நான்கு வருஷம். அதனால் 2028 டிசம்பர், 2032 டிசம்பர் என்று நம் பக்கம் வரும்.

ஒரு படத்தில் பின்னணி நட்சத்திரங்களுக்கு நடுவே கல் எங்கே இருக்கிறது என்று அளக்கிறார்கள். அடுத்த இரவு மறுபடி அளக்கிறார்கள். ஒவ்வொரு அளவிலும் மிகச் சிறிய பிழை இருக்கும். சில வாரத்து அளவை வைத்துக்கொண்டு எட்டு வருஷம் தள்ளி அது எங்கே இருக்கும் என்று சொல்லும்போது, அந்தச் சிறிய பிழை லட்சக்கணக்கான கிலோமீட்டராக நீண்டுவிடும். கல் அந்த நீண்ட கோட்டில் எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். கோட்டின் ஓரிடத்தில் நம் பூமி.

குலுக்கல் சீட்டாக யோசித்துப் பாருங்கள். குடத்தில் 100 சீட்டு, ஒன்றில் மட்டும் உங்கள் பெயர். உங்கள் வாய்ப்பு 1 சதவீதம். இப்போது ஒருவர் வந்து, "இவை நிச்சயமாக இல்லை" என்று வெற்றுச் சீட்டு 68-ஐ எடுத்துவிடுகிறார். மீதி 32. உங்கள் சீட்டு இன்னும் உள்ளேதான். வாய்ப்பு 32-ல் ஒன்று, அதாவது 3.1 சதவீதம். உங்கள் பக்கம் எதுவும் மாறவில்லை, ஆனால் எண் ஏறிவிட்டது. அடுத்த முறை எடுக்கும்போது உங்கள் சீட்டும் வெளியே போய்விட்டால் வாய்ப்பு பூஜ்யம்.

2025 பிப்ரவரி 18-ல் அந்த எண் 3.1 சதவீதத்தைத் தொட்டது. ஒரு வாரத்துக்குள் 0.004 சதவீதத்துக்கு இறங்கியது. கூடுதல் இரவுகள் அளந்ததால் கோடு சுருங்கியது, சுருங்கிய கோட்டுக்குள் பூமி இல்லை. எண் ஏறியதும் இறங்கியதும் ஒரே வேலையின் இரண்டு கட்டம். இந்த எண்களை நாசாவும் ஐரோப்பிய விண்வெளி நிறுவனமும் தினந்தோறும் எல்லாரும் பார்க்கும்படி வெளியிட்டுக்கொண்டுதான் இருந்தன. மறைக்க நினைப்பவர் 3 சதவீதத்தைத்தான் மறைத்திருப்பார். "3 சதவீதம்" என்று பெரிய எழுத்தில் போட்ட தொலைக்காட்சிகள் 0.004-க்கும் அதே அளவு எழுத்து கொடுத்திருந்தால் அந்தப் பெண் இரண்டு நாள் தூக்கம் கெட்டிருக்க மாட்டாள். அந்த வருத்தம் எனக்கு உண்டு.

நாட்றம்பள்ளி பக்கத்துக் கல்லூரியில் 2016-ல் விழுந்தது விண்கல்தானா? எங்கள் ஊரில் இன்றைக்கும் இரண்டு விதமாகப் பேசுகிறார்கள். (திருப்பத்தூர் மாவட்ட வாசகர்)

2016 பிப்ரவரி 6. கல்லூரி வளாகத்தில் ஏதோ வெடித்து, தரையில் குழி விழுந்தது, கட்டடக் கண்ணாடிகள் சிதறின. ஒரு பேருந்து ஓட்டுநரின் உயிர் போனது, சிலர் காயப்பட்டார்கள். ஒரு குடும்பத்தின் துக்கம் அது, விளையாட்டாகப் பேசக் கூடாது. அரசு அன்று விண்கல் என்று அறிவித்து நிவாரணம் கொடுத்தது. நிவாரணம் கொடுத்தது சரி. விண்கல் என்ற முடிவை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. படங்களைப் பார்த்த நாசா விஞ்ஞானிகளும் தரையில் நடந்த வெடிப்பு போலத்தான் தெரிகிறது என்றார்கள்.

என் காரணங்களைச் சொல்கிறேன். சில கிலோ எடையுள்ள கல் காற்று மண்டலத்துக்குள் நுழைந்தால் உயரத்திலேயே வேகம் இழந்துவிடும். கடைசியில் மேலிருந்து போட்ட கல் மாதிரிதான் விழும். மண்ணில் பதியும், ஓட்டை உடைக்கும். சுற்றுக் கட்டடத்தின் கண்ணாடிகளைச் சிதறடிக்காது. அப்படிச் சிதறடிக்க வேண்டுமானால் கல் டன் கணக்கில் இருக்க வேண்டும். டன் கணக்கில் ஒன்று வந்தால், பட்டப்பகலானாலும் வாணியம்பாடியிலிருந்து கிருஷ்ணகிரி வரை ஜனங்கள் நெருப்புக் கோளத்தைப் பார்த்திருப்பார்கள், இடி கேட்டிருப்பார்கள். ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் நகரில் 2013 பிப்ரவரி 15-ல் அதுதான் நடந்தது. சுமார் 20 மீட்டர் கல், அதாவது நம் 2025 பிஎன்7 அளவு. ஊரே பார்த்தது. காயப்பட்ட ஏறக்குறைய 1,500 பேரில் பெரும்பாலோர் உடைந்த ஜன்னல் கண்ணாடியால் காயப்பட்டவர்கள்.

நம் பக்கத்தில் விண்கல்லே விழுந்ததில்லை என்று நினைத்துவிடாதீர்கள். நாட்றம்பள்ளியிலிருந்து அதிக தூரமில்லாத சூளகிரியில் 2008 செப்டம்பர் 12-ல் விழுந்தது. மொத்தம் சுமார் 110 கிலோ. சோதித்து, வகைப்படுத்தி, உலகப் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள். அதற்கும் முன்னால் 1857 பிப்ரவரி 28-ல் மதுரைப் பக்கம் பர்ணல்லி என்று பதிவான கல். அவை ஆய்வகத்தில் நிரூபித்தவை. நாட்றம்பள்ளி அந்தப் பட்டியலில் இல்லை.

காவலூரில் இத்தனை வருஷமாக என்ன கண்டுபிடித்தார்கள்? (ஆலங்காயம் வாசகர்)

உங்கள் ஊரிலிருந்து மலையேறினால் காவலூர் வானாய்வகம். பக்கத்தில் இருப்பதாலேயே நம்மவர்கள் அதன் அருமையை மறந்துவிடுகிறார்கள் என்பது என் வெகுநாள் ஆதங்கம். அப்போது எல்லாம் வட ஆற்காடு மாவட்டம். ஜவ்வாது மலையில் 725 மீட்டர் உயரத்தில், சந்தன மரக்காட்டுக்கு நடுவே அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தவர் வானியலாளர் வைணு பாப்பு. 1977-ல் யுரேனஸ் கோள் ஒரு நட்சத்திரத்தை மறைத்தபோது, அதற்கு வளையங்கள் உண்டு என்று காட்டிய பதிவுகளில் காவலூர்ப் பதிவும் ஒன்று.

சிறுகோள் கேட்டீர்களானால், 1988 பிப்ரவரி 17. ஆர். ராஜமோகன் அங்கிருந்த 45 சென்டிமீட்டர் ஷ்மிட் தொலைநோக்கியில் ஒன்றைக் கண்டார். சிறுகோள்களைத் தேடும் அந்தத் திட்டத்துக்குக் கல்கி என்று பெயர். அதற்கு முன் இந்தியாவிலிருந்து கண்டுபிடித்த சிறுகோள் 1885-ல் சென்னை வானாய்வகத்தில் போக்சன் கண்டது. நடுவில் நூறு வருஷத்துக்கும் மேல் இடைவெளி! காவலூர்க் கல்லுக்கு 4130 ராமானுஜன் என்று கணிதமேதையின் பெயரை வைத்தார்கள். அது நம்மை நெருங்கும் வகையில்லை, செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவில் சுற்றுவது.

சனிக்கிழமைகளில் பொதுமக்களை அனுமதிப்பார்கள். கிளம்பும் முன் கேட்டுக்கொண்டு போங்கள், பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போங்கள்.

நம்மை நோக்கி வரும் கல்லைத் திருப்பிவிட முடியுமா? (ராணிப்பேட்டை வாசகர்)

முன்கூட்டியே தெரிந்தால் முடியும். 2022 செப்டம்பர் 26-ல் நாசாவின் டார்ட் விண்கலம் டைமார்ஃபஸ் என்ற சிறுகோளில் வேண்டுமென்றே மோதியது. அது தன்னைவிடப் பெரிய இன்னொரு சிறுகோளைச் சுற்ற எடுத்த 11 மணி 55 நிமிடம், 11 மணி 23 நிமிடமாகக் குறைந்தது.

2029-ல் அபோஃபிஸ் வேலூரில் தெரியுமா? (பேரணாம்பட்டு வாசகி)

தெரியும். வெறும் கண்ணுக்கே தெரியக்கூடிய வாய்ப்பு உண்டு. இப்போதே காலண்டரில் எழுதிவையுங்கள். சுமார் 350 மீட்டர் அகலமுள்ள அந்தச் சிறுகோள் பூமியின் தரையிலிருந்து சுமார் 32,000 கிலோமீட்டர் தூரத்தில் கடக்கப் போகிறது. நம் டிவி டிஷ் பார்த்துக்கொண்டிருக்கும் செயற்கைக்கோள்கள் 35,786 கிலோமீட்டரில் இருக்கின்றன, அவற்றைவிட நெருக்கம். மிக நெருங்கும் நேரம் இந்திய நேரப்படி 2029 ஏப்ரல் 14 அதிகாலை 3.16 மணி. சித்திரை 1, தமிழ்ப் புத்தாண்டு! அமாவாசையை ஒட்டி வருவதால் நிலா வெளிச்சமும் இருக்காது.

ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். 3.16-க்கு அலாரம் வைக்காதீர்கள். அந்த நேரத்தில் அது அட்லாண்டிக் கடலுக்கு மேலே இருக்கும், நம் அடிவானத்துக்குக் கீழே இறங்கியிருக்கும். ஆஸ்திரேலியாவுக்கு மேலிருந்து இந்தியப் பெருங்கடல் வழியாக ஆப்பிரிக்காவை நோக்கி மேற்கே நகர்வது அதன் வழி. ஆகவே நமக்கு வாய்ப்பு 13-ம் தேதி இரவு, நள்ளிரவை ஒட்டிய நேரம். தெற்கில் தொடங்கித் தென்மேற்காகப் பாருங்கள். நட்சத்திரங்களுக்கு நடுவில் ஒன்று மட்டும் மெல்ல இடம் மாறும். கையில் 10×50 பைனாகுலர் இருந்தால் நல்லது. பாலாற்று மணலில் நின்று வானம் பார்த்த காலம் ஒன்று இருந்தது, இப்போது நெடுஞ்சாலை விளக்கும் பைபாஸ் வெளிச்சமும் அங்கே இடம் கொடுப்பதில்லை. ஜமுனாமரத்தூர்ப் பக்கம் உறவினர் வீடு இருந்தால் அங்கே போங்கள்.

மோதுமோ என்ற பயம் வேண்டாம். 2004-ல் கண்டுபிடித்த புதிதில் இதற்கும் 2.7 சதவீதம் என்றார்கள். 2021 மார்ச்சில் ரேடாரில் அளந்த பிறகு, இன்னும் குறைந்தது நூறு வருஷத்துக்கு மோதாது என்று உறுதியானது. மாறப்போவது அதன் பாதைதான். இப்போது 324 நாளில் சூரியனைச் சுற்றுகிறது. நம் ஈர்ப்பு ஒரே இரவில் அதைத் திருப்பிவிடும், அதற்குப் பிறகு ஒரு சுற்றுக்கு ஒரு வருஷத்துக்கும் மேலாகும். பென்னு சிறுகோளின் மண்ணை 2023-ல் பூமிக்கு அனுப்பிய விண்கலமே இப்போது அபோஃபிஸைத் தேடிப் போய்க்கொண்டிருக்கிறது.

நானும் ஒரு சிறுகோளைக் கண்டுபிடிக்க முடியுமா மிஸ்? (குடியாத்தம், 9-ம் வகுப்பு)

முடியும் பாப்பா. 2020 ஆகஸ்டில் ஐஐடி மும்பை மாணவர்கள் இரண்டு பேர், கலிபோர்னியாவில் உள்ள தொலைநோக்கியின் படங்களை இங்கே உட்கார்ந்து அலசி, 2020 க்யூஜி என்ற கல்லைக் கண்டுபிடித்தார்கள். ஒரு பெரிய கார் அளவுதான். பூமியின் தரையிலிருந்து 2,950 கிலோமீட்டரில் கடந்துபோய்விட்டிருந்தது. அவ்வளவு நெருக்கத்தில் வந்ததால் பூமி அதன் பாதையை 45 டிகிரி திருப்பிவிட்டது.

பள்ளிப் பிள்ளைகளுக்கு பான்-ஸ்டார்ஸ் படங்களைக் கொடுத்துத் தேடச் சொல்லும் சர்வதேசத் திட்டம் ஒன்று இருக்கிறது, கட்டணம் கிடையாது. ஒரே இடத்தை அடுத்தடுத்து எடுத்த படங்களைக் கணினியில் மாற்றி மாற்றிப் பார்த்து, எந்தப் புள்ளி நகர்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். தனியாகச் சேர முடியாது, குழுவாகத்தான். உன் அறிவியல் ஆசிரியரிடம் சொல்லு. அவருக்கு விவரம் வேண்டுமானால் இந்தப் பத்திரிகை முகவரிக்கு என் பெயரில் கடிதம் போடச் சொல்லு. படம் பார்க்கும் மென்பொருளைச் சொல்லிக்கொடுக்க நானே ஒரு சனிக்கிழமை உங்கள் பள்ளிக்கு வருகிறேன்.